வழக்கு நம்பர் இல்லாத விவாகரத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றைக் களமாக வைத்து வந்திருக்கும் சரித்திர நாவலைத் தங்கள் ஞாயிறு மலர் முழுப்பக்கம் ஒதுக்கிப் புகழ்ந்திருந்தது. கோர்ட் ஆவணங்களைப் படித்து எழுதியது என்று பின்னட்டை சொல்வதை மதிப்புரையும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சேலம் கோர்ட் வழக்குக் கட்டுகளோடும் ஏற்காட்டுக் காபிக் களத்தோடும் பழகிய வாசகர்கள் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. நாவலை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவரின் மகள். அவள் புருஷனுக்கு நாகலூர்ப் பக்கம் 60 ஏக்கர் காபித் தோட்டம். அந்தத் தோட்டத்து ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளை, ஒரு கத்தோலிக்கர்; அவர் மனைவி கிராமப் பள்ளியில் டீச்சர். மண்டிக்காரர் மகளும் டீச்சரும் சிறு வயதிலிருந்தே உயிர்த் தோழிகள். 1937 அக்டோபரில் முதலாளிக்கும் டீச்சருக்கும் உறவு உண்டாகிறது. 1938-ல் இரண்டு தம்பதிகளும் சேலம் கோர்ட்டுக்கு வந்து, நால்வரும் மனமொத்துக் கையெழுத்துப் போட்டு, மூன்றே வாரத்தில் விவாகரத்துப் பெறுகிறார்கள். முதலாளி டீச்சரை மணக்கிறார். 1949-ல் தோழிகள் ஏரிக்கரையில் மீண்டும் சந்தித்து அழுகிறார்கள்.

சரித்திர நாவலில் பிழை இருக்கலாம், நாங்கள் பஞ்சாங்கம் பார்த்துக் கதை படிக்கிறவர்கள் அல்ல. இந்த நாவலின் பிழைகள் வேறு மாதிரி. ஒவ்வொரு பிழையும் அந்த நால்வரில் யாரோ ஒருவர் பட்டிருக்க வேண்டிய கஷ்டத்தை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. கஷ்டம் இல்லாமல் போனதால் துரோகத்துக்கும் கனம் இல்லை, நட்பு முறிந்ததற்கும் கனம் இல்லை.

முதலில் அந்த விவாகரத்து. 1938-ல் சென்னை மாகாணத்தில் இவர்களைப் போன்ற இந்து தம்பதிக்குக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கச் சட்டமே கிடையாது. இந்துக்களுக்கு இங்கே அந்தக் கதவைத் திறந்தது 1949-ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம். இருதார மணத்தைத் தடுத்ததும் அதுதான். நாடு முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் 1955-ல் வந்தது. அதில்கூட இருவரும் மனமொத்துப் பிரியும் பிரிவு 1976 திருத்தத்தில்தான் சேர்ந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் அது நுழைந்தது 2001-ல். ஆக, நாவலில் நால்வர் போடும் கையெழுத்தை, ஒரு தம்பதிக்கு 38 வருஷமும் இன்னொரு தம்பதிக்கு 63 வருஷமும் முன்கூட்டியே போட வைத்திருக்கிறார் ஆசிரியர். பல சமூகங்களில் பஞ்சாயத்துக் கூடி, போட்ட நகையும் சீரும் கணக்குப் பார்த்து, தாலியைக் கழற்றி வாங்கித் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட வழக்கம் இருந்ததை நிரூபித்தால் கோர்ட்டும் அதை மதித்தது. அப்படி எழுதியிருந்தால் நாங்கள் வாயைத் திறந்திருக்க மாட்டோம். ஆசிரியர் எழுதியிருப்பது ஜட்ஜ், கூண்டு, டவாலி, தீர்ப்பு.

இனி அந்த நால்வரும் உண்மையில் எங்கே நின்றிருப்பார்கள் என்று பார்க்கலாம். மதிப்புரை எழுதியவருக்கு இந்த இடத்தில்தான் எங்கள் விண்ணப்பம்: கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நாவல் ஒளிந்திருப்பது இங்கேதான்.

முதலாளி: அவருக்கு விவாகரத்தே தேவையில்லை. 1949 வரை இந்து ஆண் இரண்டாவது கல்யாணம் செய்துகொள்ளத் தடை இல்லை. முதல் மனைவியை மண்டிக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

மண்டிக்காரர் மகள்: அவளுக்கு ஒன்றுமே இல்லை. புருஷன் மேல் விபசாரப் பிராது கொடுக்க முடியாது. இந்தியத் தண்டனைச் சட்டம் 497-ஆம் பிரிவு, 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்கிறவரை, அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்த ஆணை மட்டும்தான் தண்டித்தது. பிராது கொடுக்கிற உரிமை அந்தப் பெண்ணின் புருஷனுக்கு. ஏமாற்றப்பட்ட மனைவிக்கு அதில் இடமே இல்லை. அவளுக்குக் கிடைக்கக்கூடியது குற்ற விசாரணைச் சட்டம் 488-ன் கீழ் மாஜிஸ்திரேட் போடும் ஜீவனாம்சம், அதுவும் அதிகபட்சம் மாதம் 100 ரூபாய். 'தகுந்த காரணம் இல்லாமல் புருஷனோடு வாழ மறுக்கிறாள்' என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். புருஷன் வைப்பு வைத்திருப்பதும் வேறு கல்யாணம் செய்ததும் தகுந்த காரணம்தான் என்ற விளக்கம் அந்தப் பிரிவில் 1949-ல்தான் ஏறியது. தனிக் குடியிருப்புக்கும் ஜீவனாம்சத்துக்கும் இந்துப் பெண்ணுக்கென்று தனிச் சட்டம் 1946-ல். 1938-ல் அவள் கையில் இருந்தது அப்பா வீட்டுத் திண்ணை ஒன்றுதான்.

டீச்சர்: கிறிஸ்தவக் கல்யாணம், அதனால் அன்றிருந்த வடிவில் 1869 சட்டம். தப்பு செய்தவள் அவளே என்பதால் அவளால் மனுப் போட முடியாது. மதம் மாறி இந்துவானாலும் பழைய கல்யாணம் அறுந்துவிடாது. அவளை விடுவிக்கக்கூடிய ஒரே ஆள் ரைட்டர்.

இந்த இடத்தில் ரைட்டரைப் பாருங்கள். நாவலில் அவர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, 11-ஆம் அத்தியாயத்தோடு காணாமல் போகிறவர். அன்றைய சட்டப்படி கதையின் சாவி முழுவதும் அவர் மடியில் இருக்கிறது. மனைவியின் விபசாரத்தை நிரூபித்தால் 10-ஆம் பிரிவில் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். (மனைவி கேட்பதென்றால் புருஷனின் விபசாரம் மட்டும் போதாது, அதோடு கொடுமையோ, இரண்டு வருஷம் கைவிட்டதோ, சட்டம் சொல்லும் வேறு காரணமோ சேர வேண்டும். இந்த ஓரவஞ்சனையை நாவல் ஒரு வரியில்கூடத் தொடவில்லை.) ஆனால் 11-ஆம் பிரிவின்படி மனைவியோடு உறவு கொண்டவரையும் இணைப் பிரதிவாதியாகச் சேர்த்தே ஆக வேண்டும். பெயர் தெரியாது, ஆள் இறந்துவிட்டான் என்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அதாவது ரைட்டர் தன் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முதலாளியைப் பெயர் சொல்லி வழக்கில் இழுக்க வேண்டும். 34-ஆம் பிரிவில் அவரிடம் நஷ்ட ஈடும் கேட்கலாம். இன்னொரு பக்கம் 497-ல் பிராது கொடுத்து ஐந்து வருஷம்வரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கலாம். குடியிருக்கும் வீடும் தோட்டத்துடையது, அரிசி வாங்கும் கடன் கணக்கும் தோட்டத்துடையது. அப்படிப்பட்ட மனுஷன் கையில் இத்தனை ஆயுதம்!

முதலாளி என்ன செய்திருப்பார்? பணம் கொடுத்து, மனுவை நீயே போடு, நாங்கள் எதிர்க்க மாட்டோம் என்று பேரம் பேசியிருப்பார். அதற்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. இருதரப்பும் கூடிப் பேசிப் போட்ட மனு என்றோ, புருஷன் உடந்தை என்றோ, தெரிந்தே மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தார் என்றோ தெரிந்தால் தள்ளுபடி. கூட்டுச் சதியோ உடந்தையோ இல்லை என்று மனுவிலேயே எழுதிச் சத்தியப்படுத்த வேண்டும். ஆக, பணத்தை வாங்கினால் பொய்ச் சத்தியம், வாங்காவிட்டால் வேலை போச்சு. அவர் கத்தோலிக்கர் வேறு. கோர்ட் ஆயிரம் தடவை ரத்து செய்தாலும் அவருடைய திருச்சபைக்கு அந்தக் கல்யாணம் கல்யாணம்தான். மனுவே போட மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டால், காதலர்கள் ஆயுசுக்கும் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, போடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். சாட்சி யார்? விபசாரத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி கிடைப்பது அபூர்வம். சந்தர்ப்பமும் நாட்டமும் இருந்ததைக் காட்டும் கடிதங்கள், வேலைக்காரர்கள், வந்துபோன நேரம், இவற்றை வைத்துத்தான் கோர்ட் முடிவுக்கு வரும். குற்றவாளி வாய்விட்டு ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கோர்ட்டுகள் தயங்கும், கூட்டுச் சதியாக இருக்குமோ என்ற சந்தேகத்தால். இந்த வீட்டிலும் அந்த வீட்டிலும் புழங்கியவள், கடிதத்தை முதலில் பார்த்தவள், யார் எந்த நேரம் எங்கே இருந்தார்கள் என்று சொல்லக்கூடியவள் மண்டிக்காரர் மகள் ஒருத்திதான். தன் தோழிக்கு எதிராகக் கூண்டில் ஏறி, தன் புருஷன் பெயரையும் சொல்லி அவள் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் தோழிக்கு விடுதலை. அந்தத் தோழி தன் வீட்டுக்கே சக்களத்தியாக வருவாள். சொல்லாவிட்டால் மூன்று பேருக்கும் விமோசனம் இல்லை. இருபது வருஷ நட்பைப் பற்றி 400 பக்கம் எழுதியவர், அந்த நட்பு கூண்டில் நிற்கும் இந்த ஒரு காலைப்பொழுதை எழுதாமல் விட்டுவிட்டாரே என்பதுதான் எங்கள் பெரிய ஏமாற்றம்.

அன்றைய சட்டப்படி ஆகும் கால அளவும் சொல்லிவிடுகிறோம். மனுவை முன்சீப் கோர்ட்டில் (நாவலில் அப்படித்தான்) போட முடியாது. ஜில்லா ஜட்ஜிடமோ ஹைகோர்ட்டிலோ போட வேண்டும். வக்காலத்து, ஸ்டாம்பு, சம்மனுக்குப் பேட்டா கட்டி கோர்ட் அமீனா மலையேறி அதைக் கையில் சேர்க்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் முழுசாகப் போகும். ஜில்லா ஜட்ஜ் தீர்ப்புச் சொன்ன பிறகும் கல்யாணம் ரத்தாகாது. அந்தத் தீர்ப்பைச் சென்னை ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும், வழக்கமாக மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து. உறுதி செய்வதற்கு முன் குறைந்தது ஆறு மாதம் காத்திருப்பு. உறுதியான பிறகு மறுமணத்துக்கு இன்னொரு ஆறு மாதம். விசாரணைக்கு ஒரு நாளும் ஆகவில்லை என்று வைத்தாலும் ஒரு வருஷம் காலண்டரிலேயே போய்விடும். அந்த ஒரு வருஷம் டீச்சர் எங்கே இருந்தாள், பள்ளியில் வேலை மிஞ்சியதா, பூசைக்குப் போனாளா, நற்கருணை கிடைத்ததா, மண்டிக்காரர் வீட்டுக்குச் செய்தி எப்படிப் போனது? நாவலில் மூன்று வாரம், அதில் ஒரு வாரம் மழை வர்ணனை.

மழை என்றதும் காபிக்கு வருகிறோம். முதலாளியும் டீச்சரும் முதன்முதலாகச் சேரும் இரவில், 1937 அக்டோபரில், தோட்டம் முழுக்கக் காபிப் பூ மணக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி பூப்பது மார்ச், ஏப்ரலில். கோடையின் முதல் நல்ல மழை ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் பெய்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகும். மூன்று நான்கு நாளில் பூ வாடிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். மழை போதாமல் தூறலாகப் போனால் மொட்டு சரியாக விரியாமல் கருகும். அக்டோபரில் செடியில் இருப்பது பச்சைக் காய், சிலது மஞ்சள் திரும்பியிருக்கும். இருட்டில் மணப்பது ஈர இலையும் மண்ணும்.

இதைவிட வேடிக்கை அவர்கள் வழக்கமாகச் சந்திக்கும் இடம். டிசம்பர் மாத இரவுகளில், ஆள் நடமாட்டமில்லாத காய்களமாம், அதாவது காபி காயவைக்கும் களமாம்! அரபிகா வகைக் காபிப் பழம் நவம்பர் முதல் ஜனவரி வரை பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்றாகப் பறிக்கப்படும். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். வைத்துவிட்டால் தானாகப் புளித்துக் கொட்டையில் வாடை ஏறும். பிறகு தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் ஊறல். கையில் எடுத்துக் கசக்கினால் வழவழப்புப் போய் மணல் போல் நறநறக்கும். அதுதான் கழுவும் பதம். அது நடு ராத்திரியில் வந்தாலும் எழுந்து கழுவ வேண்டும். களத்தில் பரப்பிய, கழுவி எடுத்த கொட்டையான பார்ச்மென்ட்டைச் சாயங்காலம் குவித்து, பனி படாமல் படுதா போட்டு மூடி, பக்கத்திலேயே காவலுக்குப் படுத்துக்கொள்வார்கள், வருஷ வருமானம் முழுவதும் அந்தக் குவியலில் இருப்பதால். மலையிலேயே டிசம்பர் இரவில் ஆள் அதிகம் இருக்கும் இடம் காய்களம். ஆள் இல்லாத களம் வேண்டுமென்றால் ஜூன், ஜூலைக்குப் போயிருக்கலாம்.

ஆனால் இதே வேலை முறையில் ஒரு நல்ல கதைக் கயிறும் கிடந்தது. சாயங்காலம் பழத்தை அளந்து, ஆளுக்கு இவ்வளவு என்று செக்ரோல் என்ற கூலிப் பேரேட்டில் ஏற்றுவது ரைட்டர் வேலை. அது முடிந்து பல்ப்பர் ஓடி முடிகிறவரை அவர் அங்கேதான் நிற்க வேண்டும். பறிப்பு நாட்களில் ரைட்டர் வீட்டில் இருக்க மாட்டார் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கு முதலில் தெரியும். அன்றைய பறிப்பு எவ்வளவு, பல்ப்பர் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவரே அவர்தான். ரைட்டர் பின்னாளில் செக்ரோலைப் புரட்டினால், தன் கையெழுத்திலேயே தேதி வாரியாகத் தன் வீட்டுக் கதை இருக்கும். அந்தப் புத்தகத்தைவிட நல்ல சாட்சி ஜில்லா கோர்ட்டுக்குக் கிடைத்திருக்காது.

மற்ற சில்லறைகளை வேகமாகச் சொல்லி முடிக்கிறோம். 1938-ல் ரைட்டர் சூரமங்கலம் கள்ளுக்கடையில் குடித்து விழுகிறார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி ஆட்சி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்த ஜில்லாவே சேலம்தான். அப்போது கள்ளுக்கடை ஏது? திருட்டுச் சாராயம் குடித்தார் என்று எழுதியிருந்தால், பிடிபட்டால் வழக்கு என்ற பயமும் கூடவே வந்திருக்கும். 1936-ல் மேட்டூர் அணைக்குக் கல் சுமக்கப் போகிறார்கள். அணை 1934-லேயே திறந்தாயிற்று. 1948-ல் 'பத்துப் பைசா' புழங்குகிறது. அது 1957 ஏப்ரலில் வந்த கணக்கு, அதற்கு முன் அணாவும் காலணாவும். 1947-ல் முதலாளி பணமுடையால் காபி மூட்டைகளைச் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் நேராக விற்கிறார். 1942 சட்டத்துக்குப் பிறகு விளைச்சலைக் காபி போர்டின் பூலுக்குத்தான், அதாவது பொதுக் கையிருப்புக்குத்தான், அப்போது கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டு உபயோகம், விதை என்று அனுமதித்தது மட்டும் கையில் நின்றது. மாமனார் மண்டியில் மருமகன் கள்ளத்தனமாக மூட்டை இறக்குகிறான் என்றால் அது பெரிய விஷயம். கைவிட்ட பெண்ணின் அப்பாவிடம் போய் நிற்கிறான், அவர் மனது வைத்தால் காட்டிக்கொடுக்கலாம். ஆசிரியர் அதைச் சாதாரண வியாபாரமாக எழுதிக் கடந்து போகிறார்.

இன்னொன்று, மண்டிக்காரர் வீட்டுப் பேச்சு. அம்மாயி, அப்புச்சி என்று கூப்பிடும் ஊரில், வார்த்தைக்கு ஒரு 'ங்க' விழும் ஊரில், எல்லோரும் சென்னை டிவி சீரியல் மாதிரிப் பேசுகிறார்கள். இதை எழுத ஆவணம் தேவையில்லை, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சாயங்காலம் நின்றால் போதும்.

நாவலில் நல்லது இல்லாமல் இல்லை. தோழிகள் இருவரும் பள்ளி நாட்களில் ஒரே கொலுசு ஜோடியை ஆளுக்கு ஒரு காலில் போட்டுக்கொண்டு சுற்றும் அத்தியாயம் அருமை. வெள்ளிக்கொலுசு செய்யும் ஊர்க்காரர்களான எங்களுக்கே அது தோன்றவில்லை. உறவு தெரிந்த பிறகு மண்டிக்காரர் மகள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் மூன்று நாள் ஊறுகாய் மாங்காய் நறுக்கிக்கொண்டே இருப்பதும் நன்றாக வந்திருக்கிறது. மாங்காய் வருகிற மாதமும் அங்கே சரிதான். மனசு எப்படி உடையும் என்று தெரிந்த எழுத்தாளர் இவர். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறோம்.

புனைவுக்கு உரிமை உண்டு என்று மதிப்புரை சொல்கிறது. உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பின்னட்டையில் ஆவணம் என்று போட்டுவிட்டு உள்ளே புனைவு என்று சொல்ல முடியாது. சேலம் ஜில்லா கோர்ட் கிறிஸ்தவ விவாகரத்து எதுவானாலும் ஹைகோர்ட்டுக்கு உறுதி செய்யப் போயிருக்கும். இரண்டு கோர்ட்டிலும் நம்பர் விழுந்திருக்கும். அப்படி உறுதி செய்த உத்தரவுகளில் பல அந்தக் காலச் சட்ட ஏடுகளில் அச்சாகியிருக்கின்றன. 1891-லிருந்து வரும் மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதிகளைப் பழைய வக்கீல் அலுவலகங்களில் இன்றும் பார்க்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆசிரியர் பார்த்த கட்டின் நம்பரையும் வருஷத்தையும் அடுத்த பதிப்பில் ஒரு வரியாகப் போடட்டும். கட்டு ஏதும் இல்லையென்றால் பின்னட்டை வாசகத்தை எடுத்துவிடட்டும்.

அடுத்த பதிப்பில் திருத்துவதாக இருந்தால் இரண்டு வழி இருக்கிறது. 1938-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, மண்டிக்காரர் மகளின் விவாகரத்தை எடுத்துவிட்டு, ரைட்டரின் மனுவை மட்டும் ஜில்லா கோர்ட்டில் போட்டு அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். இல்லை, அவளுக்கு விவாகரத்து வேண்டும் என்றால் கதையை 1949-க்கு அப்பால் தள்ள வேண்டும். அப்போது அந்த விவாகரத்து கிடைக்கிறவரை முதலாளியால் இரண்டாம் கல்யாணம் செய்ய முடியாது, கதை வேறு கதையாகும். எங்கள் வோட்டு முதல் வழிக்கு. எப்படியானாலும் கடைசி அத்தியாயத்தை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். 1949 மார்கழியில் தோழிகள் ஏரிக்கரையில் நின்று அழும்போது காற்றில் காபிப் பூ உதிர்கிறது. மார்கழியில் உதிர்வது பழம். பறிக்க ஆள் வரத் தாமதமானால் கீழே கொட்டி, அதைப் பொறுக்கத் தனிக் கூலி கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு வாசகர்கள் சிலர்